துடிப்பு மின்காந்தப் புலமும் எலும்பாக்க உயிரணுக்களும்: ஆய்வு முடிவுகள் முரண்படும் இடம்

உலர்ந்த எலும்பை அழுத்தும்போது அதில் மின்னூட்டம் தோன்றுவதை ஜப்பானிய அறிஞர்கள் ஃபுகாடா, யாசுடா ஆகியோர் 1957இல் நிறுவினர். இயங்குவிசை மின்குறியாக மாறி எலும்பு வளர்ச்சியை நெறிப்படுத்துமெனில், புறத்திலிருந்து தரப்படும் மின்தூண்டலும் அதனைச் செய்யக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. பாசெட், பாவ்லக், பில்லா ஆகியோர் 1974இல் தோலைத் துளைக்காமல், கம்பிச்சுருள் வழியாக இத்தூண்டலைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். 1979இல் கூடாத எலும்பு முறிவுகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

உயிரணு மட்டத்தில் முதலில் காணப்படும் மாற்றம் கால்சியத்தைச் சார்ந்தது. பிரைட்டன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, காந்தத் தூண்டலின்போது கால்சியம் உயிரணுவின் உள்ளிருப்பிலிருந்தே விடுபட்டுக் கால்மோடுலின் புரதத்தைச் செயற்படுத்துகிறது. மின்தேக்கிவழித் தூண்டலிலோ அது சவ்வின் கால்சிய வாயில்கள் வழியே உள்நுழைகிறது. எலும்பு உருவாக்கப் புரதங்களான பிஎம்பி-2, பிஎம்பி-4 ஆகியவற்றின் மரபணு வெளிப்பாடு மிகுவதும் பதிவாகியுள்ளது.

மருத்துவச் சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. பார்க்கர் குழுவினர் 1984இல் வெளியிட்ட இருமறைச் சோதனையில், கருவி இயங்கிய 9 பேரில் 5 பேருக்கும், இயங்காத கருவி பெற்ற 7 பேரில் 5 பேருக்கும் கணைக்கால் எலும்பு கூடியது. ஒப்பீட்டுக் குழு இன்றி முன்னர்க் கூறப்பட்ட வெற்றி விழுக்காடுகளை இச்சிறு சோதனை ஐயத்திற்கு உள்ளாக்கியது. எனினும், தாமதமாகக் கூடும் முறிவுகள் குறித்து 1990இல் ஷாரார்ட் வெளியிட்ட இருமறைச் சோதனை சிகிச்சைக்குச் சார்பாகவே அமைந்தது.

ஆய்வக முடிவுகளும் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. சிலவற்றில் உயிரணுப் பெருக்கம் மிகுகிறது. சிலவற்றில் பெருக்கமின்றி முதிர்ச்சி மட்டும் விரைவுறுகிறது. உயிரணுக்களின் முதிர்ச்சிநிலை இதற்கு ஒரு காரணம். போதிய கவனம் பெறாத மற்றொரு காரணம் வளர்ப்புத் தட்டின் வடிவமாகும். காந்தப்புலம் வட்டத்தட்டுக்குச் செங்குத்தாகவும் சீராகவும் அமையும்போது, தூண்டப்படும் மின்புலம் மையத்திலிருந்துள்ள தொலைவின் பாதியைப் புலமாற்ற வீதத்தால் பெருக்கிய அளவாகும். புலம் வினாடிக்கு 10 டெஸ்லா வீதம் மாறுவதாகக் கொண்டால், மையத்திலிருந்து 1.5 செ.மீ. தொலைவில் மின்புலம் மீட்டருக்கு 75 மில்லிவோல்ட், 0.5 செ.மீ. தொலைவில் 25 மட்டுமே, மையத்தில் சுழி. காந்தப்புலமோ எங்கும் ஒன்றே. ஆயினும் தட்டின் உயிரணுக்கள் அனைத்தும் ஒன்றாகத் திரட்டப்பட்டே பெரும்பாலும் அளக்கப்படுகின்றன. மையத்தையும் விளிம்பையும் தனித்தனியே அளந்தால், விளைவு காந்தப்புலத்தினுடையதா மின்புலத்தினுடையதா என்பதைப் பிரித்தறிய இயலும். புலச்செறிவை மட்டும் மில்லிடெஸ்லாவில் குறித்து, தட்டின் ஆரத்தையும் கிடப்பையும் மாற்ற வீதத்தையும் விட்டுவிடும் கட்டுரையை இன்னொரு ஆய்வகம் மீளச் செய்து பார்க்க இயலாது.