காது கேளாதவர் கட்டளையை மீறுபவர் அல்லர்

ஜொகூரின் அரச நகரம் என்ற தகுதி மூவாருக்கு 2012-இல் கிடைத்தது. கெம்பாரா மகோத்தா ஜொகூர் பயணத்தில் சுல்தான் இங்கு வரும்போது சாலையோரம் குடும்பம் குடும்பமாக நிற்போம். சக்கர நாற்காலியில் பாட்டியும் வருவார், காது கேளாத தம்பியும் வருவான். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

2024 மே மாதம், கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் வாசலில் பயணிக்காகக் காத்திருந்த காது கேளாத இ-ஹெய்லிங் ஓட்டுநர், ஜொகூர் இடைக்காலச் சுல்தானின் பாதுகாப்புப் பணியிலிருந்த போலீஸ்காரர் தம்மைத் தாக்கியதாகப் புகார் செய்தார். தாம் வன்முறையை ஏற்பதில்லை, போலீஸ் முழுமையாக விசாரிக்கட்டும் என்று இடைக்காலச் சுல்தானே அறிவித்தார். ஆனாலும் விவகாரம் சமரசமாக முடிந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அதனால் ஓட்டுநர் மீண்டும் ஒரு புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாதுகாப்புப் பணி வாய்ச்சொல்லிலும் கைச்சைகையிலும் நடக்கிறது. "நகருங்கள்" என்றதும் நகராதவர் மீது சந்தேகம் விழுகிறது. காது கேளாதவருக்கு அந்தச் சொல் போய்ச் சேருவதே இல்லை. பார்வையற்றவருக்குக் கைச்சைகை தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளை கூச்சலில் மிரண்டு தடுப்பை நோக்கியே ஓடக்கூடும். மாற்றுத்திறனாளி அடையாளமான ஓகேயு அட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் அதுவும் ஆபத்தாகத் தெரியும். ஆகவே கூட்டம் சேருமுன்பே அருகிலுள்ள காவலரிடம் சொல்லிவைப்பது நல்லது. அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். ஆனால் இது நம் முன்ஜாக்கிரதை மட்டுமே. கை ஓங்குமுன் எதிரில் இருப்பவருக்குக் கேட்டதா என்று பார்ப்பது காவலரின் கடமை. மலேசிய சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகரிக்கிறது. 'நில்', 'நகரு', 'காத்திரு' என்ற மூன்று சைகைகளைக் கற்றுக்கொடுக்க எத்தனை நேரமாகும்?

அந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை என்பது வேதனை. மீறினால் தண்டனை இல்லை; 41-ஆம் பிரிவு அரசாங்கத்தை வழக்கிலிருந்து காக்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 8(2) விதி பட்டியலிடும் பாகுபாடுகளில் உடற்குறை இடம்பெறவில்லை. எனவே அடி விழுந்தால் கைகொடுப்பது குற்றவியல் சட்டத்தின் 323-ஆம் பிரிவுதான்: ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காயம் சிறியதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூவாரில் சுல்தானா ஃபாத்திமா சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குமூலம் எடுக்கும்போது சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். போலீஸ்காரரின் நடத்தை பற்றி, 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய ஐபிசிசி என்ற சுயேச்சையான போலீஸ் நடத்தை ஆணையத்திடம் முறையிடலாம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லையென்றாலும் புகார் பதிவில் நிற்கும். மனித உரிமை ஆணையமான சுஹாகாமையும் அணுகலாம்.

யாராவது பணத்தையும் சமரசக் கடிதத்தையும் நீட்டினால், வழக்கறிஞரைப் பார்க்காமல் தொடாதீர்கள். 323-ஆம் பிரிவுக் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபின் அதே அடிக்காக நீதிமன்றப் படியேறுவது மிகக் கடினம்.