திரை வீழ்ந்த பின்னர்: மடோனாவின் காணொளியொன்று பற்றிய விவாதம்

அமெரிக்கப் பொப் இசைப் பாடகி மடோனாவின் ‘லைக் எ பிரேயர்’ பாடலுக்கு மேரி லாம்பேட் 1989இல் நெறிப்படுத்திய காணொளி, கதைகூறலை ஆராய்வோருக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பாடல் வரிகளில் இல்லாத கதையைக் காட்சிகள் கூறுகின்றன. வெள்ளையர் கும்பலொன்று பெண்ணொருத்தியைத் தாக்குகிறது. உதவச் சென்ற கறுப்பினத்தவனைப் பொலிசார் கைதுசெய்கின்றனர். அதனைக் கண்ணுற்ற நாயகி தேவாலயத்தில் ஒதுங்கிப் பின்னர் சாட்சியங்கூறி அவனை விடுவிக்கிறாள்.

இதில் வரும் எரியும் சிலுவைகளைச் சமயநிந்தனையெனக் கொண்டோர் கண்டனம் எழுப்ப, பெப்சி நிறுவனம் பாடகி தோன்றிய விளம்பரத்தைக் கைவிட்டது. அமெரிக்க வரலாற்றில் அச்சிலுவைகள் கு கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் இனவெறிச் சின்னம் என்பது அவ்வாரவாரத்தில் மறைந்தது.

இரசிகரின் விவாதமோ கதையையே பற்றியது. கறுப்பினத்தவனின் விடுதலை வெள்ளைப்பெண்ணின் சாட்சியத்திலேயே தங்கியிருத்தல் தகுமா என்பது ஒரு வினா. இறுதியில் திரை வீழ, நடிகர் பார்வையாளரை வணங்குவதால் அநீதி வெறும் நாடகமாகிவிடுகிறதா என்பது மற்றொன்று.

இரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. மேடையில் நீதி கிடைத்தது, கண்டவள் வாய்திறந்தமையாலேயே. திரை வீழ்ந்தபின் கண்டவராக எஞ்சுவோர் பார்வையாளரே. வெகுசனக் கலையை நுகர்வோர் சிந்தியார் என்ற கருத்து மறுபரிசீலனைக்குரியது.