உங்களுக்குத் தெரியுமா? ஷார்ஜாவின் முதல் பத்திரிகை அச்சில் வரவில்லை!

ஐக்கிய அரபு அமீரகம் என்றொரு நாடு உருவாவதற்கு 44 ஆண்டுகளுக்கு முன், 1927இல், ஷார்ஜாவில் இப்ராஹிம் அல் மித்ஃபா 'உமான்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முழுக்கக் கையெழுத்து. விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள்தான். ஒருவர் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். நம்மூரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த உழைப்பின் அருமை தெரியும். 1930களில் அவரே 'சவுத் அல் அஸாஃபிர்' (குருவிகளின் குரல்) என்ற ஏட்டையும் எழுதினார். வளைகுடாக் கரையை ஒப்பந்தங்களால் கட்டிவைத்திருந்த பிரிட்டிஷாரை அது விமர்சித்தது. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும்.

அதே வளைகுடாவில், பஹ்ரைனில் அப்துல்லா அல் ஸாயித் 1939இல் 'அல் பஹ்ரைன்' வார இதழை அச்சிலேயே கொண்டுவந்தார்; அது 1944 வரை வெளிவந்தது. 1950இல் அங்கே இளைஞர்கள் தொடங்கிய 'சவுத் அல் பஹ்ரைன்' அரபு தேசியம் பேசியது, சன்னி - ஷியா பிளவை எதிர்த்தது. அதன் ஆயுள் நான்கே ஆண்டுகள்.

ஷார்ஜாவில் மித்ஃபாவின் மஜ்லிஸ் (விருந்தினரை வரவேற்கும் கூடம்) இன்று அருங்காட்சியகம். பழைய நகரப் பகுதியில், அதன் வட்ட வடிவக் காற்றுக் கோபுரம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். அமீரகத்தில் இருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் அவசியம் போய்ப் பாருங்கள்.