மலைச்சரிவில் கேமராவை நிறுத்த

தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். வீடியோ கேமரா கையில் கிடைத்த எவருக்கும், அந்த மலைத்தொடரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே வீச்சில் எடுக்க ஆசை வரும். எடுத்ததை வீட்டு டிவியில் போட்டால் மலை குலுங்கும். நடுவில் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். முடியும்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். உடனே கேமராவைக் குறை சொல்வார்கள். குறை பெரும்பாலும் ட்ரைபாடிலும் அதன் மேல் பூட்டிய ஹெட்டிலும்தான் இருக்கும்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் அகலவாக்கில் ஏறத்தாழ 7 டிகிரியைத்தான் பார்க்கும். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே, 1,920 புள்ளி அகலமுள்ள படத்தில் காட்சி 28 புள்ளி தள்ளிப்போய்விடும். கண்ணுக்குத் தெரியாத கைநடுக்கம் திரையில் பூதாகாரமாகத் தெரிவது இதனால்தான்.

போட்டோ எடுக்கும் ட்ரைபாடின் ஹெட், உலோகத்தோடு உலோகம் உரசித் திரும்புவது. நின்றிருப்பதை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்வதைத் தொடர்ந்து நகர்த்தும் விசையைவிட அதிகம். அதனால் முதலில் அடம்பிடித்து, பிறகு சட்டென்று விடும். வீடியோவுக்கென்று வரும் ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் தகடுகளுக்கு நடுவே கெட்டியான சிலிக்கோன் கிரீஸ் போன்ற பசைத் திரவம் இருக்கிறது. கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பதைப் போல, மெதுவாகப் போனால் வழிவிடும், வேகமெடுத்தால் எதிர்க்கும். கையின் திடீர் நடுக்கம் அந்த எதிர்ப்பில் அடங்கிவிட, நிதானமான திருப்பம் மட்டும் கேமராவுக்குப் போய்ச் சேர்கிறது.

சாட்வெல் ஓ'கானர் என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு நீராவி ரயில்களைப் படமெடுப்பதில் தீராத மோகம். ஓடும் ரயிலோடு கேமராவைத் திருப்பும்போது வந்த வெட்டலைப் போக்கத்தான் அவர் ஃப்ளூயிட் ஹெட் செய்தார். வால்ட் டிஸ்னி அதைத் தம் இயற்கை ஆவணப்படங்களுக்குக் கேட்டு வாங்கினார். பின்னாளில் ஓ'கானருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லரும் 1940-களிலேயே இதே வழியில் இறங்கியவர்.

ஹெட் வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறுவது கவுண்டர்பேலன்ஸை. கேமராவை முன்னால் சாய்க்கச் சாய்க்க அதன் எடை கீழே இழுக்கும்; உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதே அளவுக்கு மேலே இழுக்க வேண்டும். இரண்டும் சமமானால், கையை எடுத்த பிறகும் கேமரா சாய்த்த கோணத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் வலுக்குறைவென்றால் கேமரா மூக்குக் குப்புறக் கவிழும். 10 கிலோ தாங்கும் ஹெட்டில் 2 கிலோ கேமராவை வைத்து, ஸ்பிரிங்கின் இழுவையைக் குறைக்க வழியில்லாமல் போனால், சாய்த்தது மேலே எழும்பிவிடும். பெரியதாக வாங்குவதே நல்லது என்ற எண்ணம் இங்கே பலிக்காது. பேட்டரி, மைக், லென்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு, அந்த எடை ஹெட்டின் வரம்புக்கு நடுவில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கால்களைப் பொறுத்தவரை இந்த மலைக்கென்று தனிக் கணக்கு உண்டு. 2018-இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில், லெனின் பாரதியின் இயக்கத்திலும் தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவிலும் நாம் பார்த்த நிலம் இது. இங்கே சமதளம் அபூர்வம். சரிவில் ஒரு காலை மேட்டுப்பக்கமும் இரண்டு கால்களைப் பள்ளத்துப்பக்கமும் ஊன்றினால் கால்கள் வெவ்வேறு நீளத்தில் நிற்கும். கால்களின் உச்சியில் ஹெட் உட்காரும் 75 அல்லது 100 மி.மீ. கிண்ணம், அதாவது பவுல், இருந்தால், அடியிலுள்ள பிடியைத் தளர்த்தி, மட்டம் காட்டும் குமிழ் வட்டத்துக்குள் வரும்வரை ஹெட்டை மட்டும் நிமிர்த்தி இறுக்கிவிடலாம். பவுல் இல்லாத ட்ரைபாடில் ஒவ்வொரு காலாக நீட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதற்குள் மேகம் வந்து முகட்டை மூடிவிடும்.

ஏலத்தோட்டத்துக்குள் போனால் உயரமும் பிரச்சினை. செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தாலும் காய்ச்சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோரம்தான் கிடக்கும். காய் எடுக்கும் பெண்கள் குனிந்தும் உட்கார்ந்தும் வேலை செய்வார்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் அவர்களின் முதுகுதான் பதிவாகும். முகமும் விரல்களும் வேண்டுமென்றால் கேமரா முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும். கால்களை அகல விரிக்கவிடாத ட்ரைபாடு இங்கே உதவாது. கால்களை இணைத்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் தரையில் படாமல் கால்களின் நடுப்பகுதியில் இருப்பதாகவும், கழற்றக்கூடியதாகவும் பாருங்கள். தரையில் விரியும் ஸ்ப்ரெடர் தூரிலும் வேரிலும் மாட்டிக்கொள்ளும். கார்பன் ஃபைபர் கால்கள் விலை கூடுதல்தான். சுமந்து மலையேறுகிறவருக்கு அந்தப் பணம் தகும்.

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று அடிக்கும்போது கடைசி மெல்லிய கால்பகுதியை நீட்டாதீர்கள். நடுத்தண்டு இருந்தால் அதையும் உயர்த்தாதீர்கள். எடைக்காகத் தொங்கவிடும் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் ஆடினால் அதுவே ட்ரைபாடை ஆட்டும்.

பெயரில் மட்டும் 'ஃப்ளூயிட்' போட்ட மலிவு ஹெட்டுகள் சந்தையில் நிறைய. கடைக்கு உங்கள் கேமராவையே முழு ஏற்பாட்டோடு கொண்டுபோங்கள். ஜூமை முழுதும் இழுத்து, கைப்பிடியை ஒரே விரலால் தள்ளித் திருப்புங்கள். தொடங்கும்போது வெட்டுகிறதா, நிறுத்தியதும் கொஞ்சம் பின்வாங்குகிறதா என்று திரையில் பாருங்கள். பிறகு 30 டிகிரி முன்னால் சாய்த்து, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு விடுங்கள். நிற்காத ஹெட்டை, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும், வாங்காதீர்கள்.