பிரேக் நல்லாத்தான் பிடிக்குதா? அதை மட்டும் நம்பாதீங்க! கார் பிரேக் பேட், டிஸ்க் எப்போ மாத்தணும்?

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டி வழியாக விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையும், திருச்சி - சிதம்பரம் நெடுஞ்சாலையும் செல்கின்றன. கரும்பு டிராக்டர், சிமெண்ட் லாரி, டவுன் பஸ், கங்கைகொண்ட சோழபுரம் வரும் சுற்றுலா வேன், திடீரென குறுக்கே வரும் ஆடு மாடு என எல்லாமே ஒரே ரோட்டில்தான். இப்படிப்பட்ட சாலையில் தினமும் கார் ஓட்டுபவர்களின் உயிர், முன் சக்கரத்துக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் பிரேக் பேடை நம்பித்தான் இருக்கிறது.

ஆனால் பலரும் "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, சத்தம் வந்தா பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கலே இங்குதான். பாதிக்கு மேல் தேய்ந்த பேடும் சாதாரண ஓட்டத்தில் நன்றாகவே பிடிக்கும். காலுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது பேடோடு சேர்த்து டிஸ்க்கும் போயிருக்கும். எனவே பிரேக்கை அளந்துதான் பார்க்க வேண்டும்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிபருக்குப் போகும். காலிபர் இரண்டு பக்கமும் உள்ள பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும். உராய்வில் காரின் வேகம் வெப்பமாக மாறி, கார் நிற்கும். பிரேக் போடும்போது காரின் எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். அதனால்தான் முன் பேடுகள் சீக்கிரம் தேய்கின்றன.

நம்மூரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். பின்னால் பேடுக்குப் பதில் பிரேக் ஷூ இருக்கும். ஹேண்ட் பிரேக்கை முன்பைவிட அதிகம் தூக்க வேண்டியிருந்தால், ஷூ தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை மி.மீ. இருந்தால் மாத்தணும்?

புதிய பேடில் உராயும் லைனிங் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். அது 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. 2 மி.மீ.க்குக் கீழே போனால் இனி ஓட்டுவது ஆபத்து.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும்.

ஒன்று, லைனிங்கை ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளப்பது. "இன்னும் 7 மி.மீ. இருக்கு" என்று தோன்றும். அதில் 5 மி.மீ. வெறும் தகடாகவே இருக்கலாம்.

இரண்டாவது, அலாய் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்து வெளிப்பக்க பேடை மட்டும் பார்ப்பது. காலிபர் பின் இறுகிப்போனால் உள்பக்க பேடு வேகமாகத் தேயும். வெளியே 5 மி.மீ. இருக்கும்போது உள்ளே இரும்பே தெரியலாம். அதனால் வீலைக் கழற்றி, இரண்டு பேடுகளையும் பார்த்தால்தான் சரி.

கார் சொல்லும் அறிகுறிகள் என்னென்ன?

• 'கீச்' சத்தம்: பல பேடுகளில் சிறிய இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். லைனிங் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். மாற்றச் சொல்லும் எச்சரிக்கை இது. விலை குறைந்த சில பேடுகளில் இந்த நாக்கே இருக்காது. அதனால் சத்தம் வரவில்லை என்பதற்காக பேடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மழையில் நனைந்த கார் மறுநாள் காலை கொஞ்ச தூரம் மட்டும் உரசும் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம். அது டிஸ்க் மேல் படிந்த லேசான துரு. நாலைந்து முறை பிரேக் போட்டால் போய்விடும்.

• 'கர்... கர்...' என்று இரும்பு உரசும் சத்தம்: லைனிங் தீர்ந்து தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

• பிரேக் போட்டால் ஸ்டீயரிங் அல்லது பெடல் அதிர்வது: டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். அவசரமாக அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் 'டக டக' என்று அடித்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. அது கோளாறு அல்ல.

• கார் ஒரு பக்கமாக இழுப்பது: ஒரு பக்க காலிபர் இறுகியிருக்கலாம், அல்லது பேடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம்.

• பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது: ஆயில் கசிவு, அல்லது லைனுக்குள் காற்று. பேடை மாற்றினால் மட்டும் இது சரியாகாது. காரை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை வரவழைப்பதுதான் பாதுகாப்பு.

பிரேக் லைட் எரிந்தால் ஆயில் ஊத்தினா போதுமா?

போதாது. பேடு தேயத் தேய, காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குவதால், மேலே டப்பாவில் அளவு குறையும். ஒரு கட்டத்தில் டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். கொஞ்சம் ஆயில் ஊற்றினால் லைட் அணைந்துவிடும், தேய்ந்த பேடு அப்படியேதான் இருக்கும். அதாவது கார் கொடுத்த எச்சரிக்கையை நாமே அணைத்துவிடுகிறோம்.

எனவே ஆயில் குறைந்தால் முதலில் பேடையும், எங்காவது கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்தால் அது குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால் பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லப்படுகிறது.

டிஸ்க் எப்போ மாத்தணும்?

பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 20 மி.மீ. டிஸ்க்குக்கு 18 மி.மீ. என்று போட்டிருந்தால், அதற்குக் கீழே போனதும் மாற்றியே ஆக வேண்டும்.

விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு, நகம் மாட்டும் அளவு கோடு, விரிசல், அதிக சூட்டால் வந்த நீல நிறம் ஆகியவையும் டிஸ்க்கைக் கவனிக்கச் சொல்லும் அடையாளங்கள். விரிசல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். கோடு மட்டும் என்றால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம். சமன் செய்த பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் தடிமன் இருக்க வேண்டும்.

எத்தனை கி.மீ. தாங்கும்?

30,000 முதல் 50,000 கி.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒரே மாடல் கார் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகத் தேயும். ஊருக்குள் நின்று நின்று போகும் கார், ஆள் நிறைய ஏற்றும் கார், கடைசி நேரத்தில் அழுத்திப் பிரேக் போடுபவரின் கார் ஆகியவற்றில் பேடு சீக்கிரம் தீரும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்குக்கு இன்னும் கொஞ்சம் வேலை கூடுதல். அதனால் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை வீலைக் கழற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கொல்லிமலை போல 70 கொண்டை ஊசி வளைவுள்ள மலைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள். மெலிந்த பேடு வழியாகச் சூடு சீக்கிரம் ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இறங்கும்போது குறைந்த கியரில் வர வேண்டும். நியூட்ரலில் இறக்கவே கூடாது.

12 மீட்டர் என்ன செய்யும்?

காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கோடு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு நிற்க சுமார் 35 மீட்டர் எடுக்கும். பிரேக்கின் பலம் கால் பங்கு குறைந்தால் அது 47 மீட்டராகும். கூடுதலாக வரும் அந்த 12 மீட்டர் ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம். பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் இரவில் முன்னால் தெரியும்போது, உயிரைத் தீர்மானிப்பது அந்த 12 மீட்டர்தான். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றாலும், சக்கரம் லாக் ஆகாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. தீர்ந்த பேடுக்கு அது மாற்று ஆகாது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

• பேடை இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் இழுக்கும். டிஸ்க்குக்கும் இதேதான்.
• கழற்றிய பழைய பேடைக் காட்டச் சொல்லுங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.
• டிஸ்க்கின் தடிமனை அளந்து பில்லில் எழுதச் சொல்லுங்கள்.
• காலிபர் பின்னைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போட்டார்களா என்று கேளுங்கள்.
• பிரேக் தூசியை ஏர் அடித்துப் பறக்கவிட வேண்டாம். அது நுரையீரலுக்குக் கெடுதல்.

புதிய பேடு போட்டதும் வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது. முதல் 200, 300 கி.மீ. வரை தேவையில்லாமல் அழுத்திப் பிரேக் போடாமல், மெதுவாக ஓட்டிப் பழக்குங்கள்.

பேடைச் சரியான நேரத்தில் மாற்றினால் அதற்கான செலவோடு முடியும். தள்ளிப்போட்டால் டிஸ்க், சில சமயம் காலிபர் என்று பில் நீளும். அடுத்த முறை டயர் மாற்றவோ அலைன்மென்ட் பார்க்கவோ போகும்போது, வீல் எப்படியும் கழற்றப்படும். அப்போதே பேடையும் அளந்துவிடுங்கள்.