மின்சார மானியமும் வாடகைக் குடும்பமும்

ஏழைக் குடும்பங்களின் மின்சாரச் சுமையைக் குறைக்க அரசாங்கம் இரு வழிகளில் பணம் செலவிடலாம். முதலாவது, மின்சாரத்தையே இலவசமாகவோ மலிவாகவோ அளிப்பது. இரண்டாவது, குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் விளக்கு, விசிறி, வெப்பம் தாங்கும் கூரை முதலியவற்றை வீட்டில் அமைத்துக்கொள்ள உதவுவது.

நம் மாநிலத்தில் முதல் வழியே பெரிதும் கையாளப்பட்டு வந்துள்ளது. 2016-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட்டும், கைத்தறி நெசவாளருக்கு 200 யூனிட்டும் இலவசமாக்கப்பட்டன. நெசவாளருக்குரிய அளவு 2023-இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. இவ்வுதவியின் அருமையை நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர்.

எனினும் அந்த 100 யூனிட் எவ்வாறு செலவாகிறது என்பதைச் சற்றுக் கணக்கிட வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாடிப் போர்ஷனில் குடியிருப்போர், நொச்சிக்குப்பம் வாரியக் குடியிருப்பில் மேல்தளத்தில் வாழ்வோர் ஆகியோருக்குக் கோடையில் இரவும் பகலும் விசிறி வேண்டும். 75 வாட் விசிறியொன்று நாள்தோறும் 16 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 72 யூனிட் செலவாகும். இரண்டு விசிறிகளுக்கு 144 யூனிட். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் பொருத்திய 30 வாட் விசிறிக்கு அதே நேரத்தில் 29 யூனிட்டே ஆகும். இரண்டுக்கும் சேர்த்து 58 யூனிட்.

இம்மிச்சம் யாரைச் சேரும்? விசிறியொன்றுக்கு மிச்சமாவது 43 யூனிட். 2024 ஜூலை மாதக் கட்டண ஆணைப்படி யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு என வைத்தால் இதன் மதிப்பு 206 ரூபாய். இலவச வரம்புக்கு மேல் செலவிடும் குடும்பத்துக்குப் பில் குறையும். வரம்புக்குள் அடங்கிய குடும்பத்தின் யூனிட்டுக்கு அரசாங்கமே பணம் கட்டுவதால், அங்கே மிச்சம் கருவூலத்தைச் சேரும். ஆகவே ஏழையின் விசிறிக்கு ஒருமுறை மானியம் அளிப்பது அரசாங்கத்திற்கும் ஆதாயமே.

பிறவிடங்களில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்த வருவாயினரின் வீடுகளில் குளிர் புகாவண்ணம் செப்பனிட அரசாங்கம் பணம் தருகிறது. உரிமையாளரின் சம்மதத்துடன் வாடகைதாரரும் பயன் பெறலாம். குளிரைத் தடுப்பது அவர்கள் தேவை. வெயிலைத் தடுப்பது நம் தேவை. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, அரசு கட்டித்தரும் எளியோர் வீடுகளையும் அதில் சேர்த்தது.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதம மந்திரி சூரிய வீடு' திட்டத்தில் ஒரு வீட்டின் சூரியத் தகட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. ஆயின் தகடு வைக்கக் கூரையும், மிச்சத் தொகைக்குக் கைப்பணமும் வேண்டும். வாடகைக் குடும்பத்திற்கு இவ்விரண்டும் அரிது. விசிறியோ, வீடு மாறினாலும் உடன் வரும் பொருள்.

அதன் விலை சாதாரண விசிறியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதே தடை. இத்தடையை நீக்கும் வழியை 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' எல்.இ.டி. விளக்குத் திட்டம் காட்டியது. நாடெங்கும் உள்ள தேவையைத் திரட்டி மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. சில மாநிலங்களில் முதலில் 10 ரூபாய் பெற்று, எஞ்சியதை மின்கட்டணத்துடன் தவணையாக வசூலித்தனர். பலர் கூடி வாங்குவதும் தவணையில் திருப்பிச் செலுத்துவதும் நமது இயக்கத்திற்குப் புதியனவல்ல.

ஆகவே நமது பண்டகசாலைகளும் சிக்கன நாணயச் சங்கங்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். வேண்டுவோர் பட்டியலை முதலில் தயாரித்து, மொத்த விலைப்புள்ளி கோர வேண்டும். விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட நட்சத்திர முத்திரையையும், வாட் அளவையும், உத்தரவாதக் காலத்தையும் சரிபார்த்த பின்னரே கொள்முதல் செய்தல் வேண்டும். விலை 3,000 ரூபாயாயின் அசலை மாதம் 200 ரூபாய் வீதம் 15 தவணைகளில் தீர்க்கலாம்.

விசிறிக்கும் கூரைக்கும் மானியம் வேண்டுமென அரசாங்கத்தைக் கோரும் தீர்மானத்தையும் மகாசபையில் நிறைவேற்றலாம். உறுப்பினர் பட்டியலும் கணக்கும் இணைத்து அனுப்பப்படும் தீர்மானத்திற்கு வலு அதிகம். அடுத்த மகாசபைக்கு வரும் அங்கத்தினர்கள் தத்தம் மின்கட்டண அட்டையை உடன் கொண்டுவருவார்களாக.