‘காஸபிளாங்கா’வின் கவர்ச்சி

1942 நவம்பர் 26-ஆம் நாள் நியூயார்க்கில் முதன்முதல் திரையிடப்பட்ட ‘காஸபிளாங்கா’வின் கதையில் பெரும் புதுமை ஒன்றும் இல்லை. ஒரு பெண், இரண்டு ஆடவர், பழைய காதல், பிரிவு, அவ்வளவே. மேடையேறாத நாடகம் ஒன்றைத் தழுவி எடுத்தார்கள். படப்பிடிப்புத் தொடங்கிய பின்னும் வசனம் எழுதி முடிந்தபாடில்லை. ஆயினும் 1944-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் பரிசு இதற்கே கிடைத்தது. எண்பது ஆண்டு கடந்தும் மக்கள் இதை விரும்பிக் காண்கிறார்கள். காரணம் என்ன?

கதை நிகழும் காலம் 1941 டிசம்பர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுவிட்டது. நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் மொராக்கோவின் துறைமுகமான காஸபிளாங்காவில், லிஸ்பன் வழியாக அமெரிக்கா செல்ல அனுமதி வேண்டித் தவம் கிடக்கிறார்கள். அங்கே மதுவிடுதி நடத்தும் ரிக்கின் கையில் பயண அனுமதிச் சீட்டுகள் இரண்டு அகப்படுகின்றன. அவற்றைத் தேடி வருகிறாள் இல்ஸா. முன்பு பாரிஸில் சொல்லாமலே அவனைப் பிரிந்த காதலி. உடன் வருபவன் அவள் கணவன் லாஸ்லோ, நாஜிகளின் சிறைமுகாமிலிருந்து தப்பிய வீரன்.

மாணவ நண்பர்களே, இப்படத்தில் காதற் காட்சிகளைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொரு காட்சி. விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தம் நாட்டுப் பாட்டை உரக்கப் பாடுகிறார்கள். பிரெஞ்சுத் தேசிய கீதத்தை வாசிக்குமாறு லாஸ்லோ இசைக் குழுவினரைப் பணிக்கிறான். அவர்கள் ரிக்கை நோக்குகிறார்கள். அவன் தலையை மட்டும் அசைக்கிறான். கூடமே எழுந்து பாடுகிறது. சற்று முன் ஜெர்மன் அதிகாரி ஒருவனோடு வந்த இளம்பெண்ணும் கண்ணீர் வழியப் பாடுகிறாள். அவளாக நடித்த மாதலீன் லெபோ, 1940-இல் கணவர் மார்செல் தாலியோவுடன் பிரான்ஸை விட்டு மெய்யாகவே தப்பிவந்தவர். தாலியோவும் இதே படத்தில் சூதாட்ட மேசைப் பணியாளராக வருகிறார். நாஜி மேஜராக வரும் கான்ராட் வைட்டோ, யூதப் பெண்ணை மணந்து, 1933-இல் ஜெர்மனியை நீங்கியவர். தாம் வெறுத்தவர்களின் உடுப்பை அணிந்து அவர் நடித்தார். துணைப் பாத்திரங்கள் பலவற்றை ஏற்றவர்களும் இத்தகைய அகதிகளே.

ஆகவேதான் இறுதியில் ரிக் தன் காதலைத் துறப்பது வெறும் நாடகப் பாங்காகப் படுவதில்லை. அங்கே ஒரு சீட்டின் விலை என்ன என்பதைச் சுற்றியுள்ள முகங்கள் முன்னரே நமக்குக் காட்டிவிட்டன. ரிக்காக நடித்த ஹம்ப்ரி போகார்ட் அத்துறவை உணர்ச்சி கொட்டாமல், ஏதோ கணக்குத் தீர்ப்பவர்போல் பேசி முடிக்கிறார். இல்ஸா எவரோடு செல்வாள் என்பது நெடுநாள் முடிவாகாமல் இருந்தமையால், இருவர்பாலும் அன்புள்ளவளாகவே நடித்ததாக இங்க்ரிட் பெர்க்மன் பின்னாளில் கூறியிருக்கிறார். மூடுபனியில் நிற்கும் அவ்விமானம், படப்பிடிப்பு அரங்கத்துள் செய்து நிறுத்திய பொம்மைதான். அதை நோக்கி நடக்குமுன் அவள் ரிக்கைப் பார்க்கும் பார்வையில் அந்தத் தடுமாற்றம் இன்னும் தீரவில்லை.